தும்பை: இரு படையும் சூடிய ஒரு பூ

இருபெரு வேந்தர் நேர்நின்று பொரும் போருக்குத் தமிழிலக்கண மரபு இட்ட பெயர் தும்பை. களிறும் தேரும் மோதும் களத்திற்கு வரப்போரத்துச் சிறுசெடி ஒன்றன் பெயர் அமைந்தது ஏன் என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

தும்பை துளசிக் குடும்பத்தைச் சார்ந்தது. நான்முகத் தண்டும், எதிரெதிர் இலைகளும், கணுவைச் சூழ்ந்து மலரும் வெண்பூக்களும் இதன் அடையாளங்கள். 1810இல் இராபர்ட்டு பிரௌன் இப்பேரினத்திற்கு இட்ட லியூக்கஸ் என்னும் பெயரும் வெண்மையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்ததே. தூய வெள்ளாடையைத் தும்பைப்பூவோடு ஒப்பிடும் வழக்கு இன்றும் தமிழில் உண்டு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் இதனைத் துழாயோடு அடுத்தடுத்து வைத்துள்ளார்.

எனினும் வெண்மை ஒன்றே திணைப்பெயருக்குக் காரணமாதல் அரிது; முல்லையும் வெண்பூவே. விடையைத் திணைப் பகுப்பில் தேடுதல் தகும். தொல்காப்பியம் கூறும் புறத்திணைகள் 7. ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையில் அவை 12 ஆகின்றன. ஆநிரை கவர்வோர்க்கு வெட்சி, மீட்போர்க்குக் கரந்தை. படையெடுப்போர்க்கு வஞ்சி, எதிரூன்றுவோர்க்குக் காஞ்சி. மதில் வளைப்போர்க்கு உழிஞை, காப்போர்க்கு நொச்சி என ஒவ்வொரு போரும் இரு பூக்களாகப் பிரிகின்றது. தும்பை மட்டும் பிரியவில்லை. இரு படையினர்க்கும் அதுவே பூ.

இதன் காரணம் போரின் இயல்பிலேயே உள்ளது. தொல்காப்பியர் தும்பையின் நோக்கமாகக் கூறுவது மைந்து, அஃதாவது வலிமை. ஆநிரையோ மதிலோ இங்குப் பொருளன்று. எனவே கவர்வோர், காப்போர் என்ற வேறுபாடும் இல்லை. தும்பை நெய்தலுக்குப் புறனாதற்கு நச்சினார்க்கினியர் காட்டும் காரணங்களுள் ஒன்று, இப்போர் மணற்பரப்புப் போன்ற வெளிநிலத்தில் நிகழ்தல். தும்பைச் செடியும் திறந்த வெளிகளிலும் தரிசுகளிலும் விதைப்பாரின்றித் தானே முளைப்பது. எந்நாட்டிற்கும் தனியுரிமை இல்லாதது. இரு வேந்தர்க்கும் பொதுவான களத்திற்கு இருவர்க்கும் பொதுவான பூ பொருந்தியது எனக் கருதலாம்.

போர் முடிந்தபின் வென்றோன் சூடுவது வாகை. அதுவரை பகைவனும் தன்னை நிகர்த்தவனே என்னும் அறத்தை, காலில் மிதிபடும் இச்சிறுபூ தாங்கி நின்றது. தும்பைப் பாடல்களில் பகைவனின் வீரம் பேசப்படும் இடங்களை இந்நோக்கில் மீண்டும் பயிலுதல் பயன்தரும்.