பொது ஏரியும் பொது நிரலும்

தர்மபுரிக்குத் தகடூர் என்பது பழம்பெயர். அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, அரிதிற் கிடைத்த நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவையாருக்கு ஈந்த வரலாற்றை மாணவர்களாகிய நீங்கள் நன்கு அறிவீர்கள். ஈகையைப் பற்றிய புதிய வழக்கு ஒன்றை இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். மென்பொருளை யாவர்க்கும் பொதுவாக்கலாமா, அதற்கு உரிமக் கட்டணம் பெறலாமா என்பதே அவ்வழக்கு.

பத்தாண்டுகளுக்கு முன்னர் இம்மாவட்டத்துப் பள்ளி ஒன்றுக்குச் சென்றிருந்தேன். 2011-ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசு தொடங்கிய திட்டத்தின்கீழ்ப் பெற்ற மடிக்கணினி ஒரு மாணவியிடம் இருந்தது. அதில் விண்டோஸும் இருந்தது; லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்னும் இயங்குதளமும் இருந்தது. "ஐயா, இரண்டாவதை எவரும் விலையின்றி எடுத்துக்கொள்ளலாம் என்கிறீர்களே, அதை எழுதியவர் எப்படிப் பிழைப்பார்?" என்று அம்மாணவி வினவினாள்.

அவ்வினா பழையதே. 1976-இல் இளைஞராயிருந்த பில் கேட்ஸ், தம் மென்பொருளைப் பலர் விலை கொடாமல் படியெடுத்துக்கொள்வதாகக் குறைகூறி வெளிப்படையாக ஒரு மடல் எழுதினார். கூலியில்லாமல் நல்ல வேலையை யார் செய்வார் என்பதே அவர் கேள்வி. 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர் வேறொரு நெறியை அறிவித்தார். மென்பொருளின் மூல நிரலைக் காணவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் அனைவர்க்கும் உரிமை வேண்டும் என்றார். 1989-இல் அவ்வுரிமைகளைக் காக்கும் பொது உரிமம் வெளிவந்தது.

இங்கே ஒன்றை நாம் மறத்தலாகாது. அந்நெறி காசு வாங்குவதைத் தடுக்கவில்லை. ஸ்டால்மனே 1985-இல் தம் ஈமாக்ஸ் என்னும் மென்பொருளை நாடாவில் பதித்து, 150 டாலருக்கு விற்றார். வாங்கியவர் அதைப் பிறர்க்கு வழங்குவதற்குத் தடையில்லை, அவ்வளவே. பின்னர் ரெட் ஹேட் நிறுவனம், நிரலுக்கன்றி அதனைப் பேணும் பணிக்குச் சந்தா பெற்று வளர்ந்தது. 2019-இல் ஐபிஎம் நிறுவனம் அதனை 3,400 கோடி டாலருக்கு வாங்கிற்று.

ஆயினும் எல்லார்க்கும் அந்நல்வாய்ப்பு அமையவில்லை. இணையத்தில் நாம் அனுப்பும் செய்திகளை மறைகுறியாக்கிக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் நிரலில் 2014-இல் பெரும் பிழையொன்று வெளிப்பட்டது. உலகெங்கும் எண்ணற்ற இணையதளங்கள் அந்நிரலை நம்பியிருந்தன. அதற்குக் கிடைத்த நன்கொடையோ ஆண்டுக்கு ஏறக்குறைய 2,000 டாலர் மட்டுமே! பின்னர்ப் பெருநிறுவனங்கள் பொது நிரலைத் தம் கணினிகளில் இயக்கி, அச்சேவையை விற்றுப் பொருளீட்டத் தொடங்கின. ஆகவே எலாஸ்டிக் நிறுவனம் 2021-இல் தன் உரிமத்தை இறுக்கியது. திறந்த கதவைச் சாத்திவிட்டார்கள் எனப் பயன்படுத்துவோர் பலர் வருந்தினர். 2024-இல் அந்நிறுவனமே கட்டற்ற உரிமமொன்றை மீண்டும் சேர்த்துக்கொண்டது.

இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. அதியமான் ஈந்த கனி அவன் கையில் எஞ்சவில்லை. நிரலை ஈந்தவரிடம் நிரல் குறைவதில்லை. அதைப் பேணும் உழைப்புக்கான காலமும் பொருளும்தான் குறைகின்றன. நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். மழை குறைந்த இந்நாட்டில் ஏரி நீர் ஊர்ப்பொது. ஆனால் கரையை அடைக்கவும் தூர் எடுக்கவும் ஊரார் உழைப்புத் தந்தனர். குடிமராமத்து என்பது அதன் பெயர். நீரை மட்டும் எடுத்துக்கொண்டு கரையை மறந்த ஊரில் ஏரி நிலைப்பதில்லை.

அம்மாணவிக்கு நான் கூறிய விடையும் இதுவே: நிரலை எழுதியவர் பிழைக்கும் வழி, அதைப் பயன்படுத்துவோர் கையில் இருக்கிறது. பொருள் உடையோர் பொருள் தரட்டும். பொருளில்லாத மாணவர்கள் பிழையைக் கண்டு சொல்லலாம், தமிழாக்கம் செய்யலாம், கற்றபின் ஒரு வரி நிரலேனும் எழுதித் தரலாம். பெறுவோர் கடமையை உணர்ந்தால்தான் ஈவோர் கை ஓயாது.