மேற்கு நோக்கிய விரிவும் பருத்தி நிலமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகள் மேற்கே விரிந்தமைக்கு ‘வெளிப்படையான ஊழ்’ என்னும் கருத்தே காரணமாகப் பெரிதும் சுட்டப்படுகிறது. (ஊழ் எனினும் இது வினைப்பயனன்று, இறையாணை என்னும் பொருளது.) இத்தொடர் அச்சேறியது 1845இல்தான், விரிவோ முன்பே தொடங்கிவிட்டது. டெக்சாஸ் வரலாறு வேறொரு காரணத்தைக் காட்டுகிறது. மெக்சிகோவின் ஆட்சியிலிருந்த அப்பகுதியில் குடியேறிய தென்மாநிலத்தார் நாடியது பருத்தி விளையும் மலிவான நிலம். உழைக்க அடிமைகளையும் உடன் கொண்டுசென்றனர். 1829இல் அடிமைமுறையை ஒழித்த மெக்சிகோ, டெக்சாஸுக்கு விலக்களித்தபோதிலும், 1830இல் அமெரிக்கர் குடியேற்றத்தைத் தடைசெய்தது. மைய ஆட்சியுடன் பிணக்கும் முற்றவே, 1836இல் டெக்சாஸ் தன்னைத் தனிநாடாக அறிவித்துக்கொண்டது. விடுதலைக்குப் போரிட்டோர் வகுத்த அரசமைப்பு, அடிமைகளை விடுவிக்கும் அதிகாரத்தைத் தம் சட்டமன்றத்துக்கே மறுத்தமை நோக்கத்தக்கது. 1845இல் அமெரிக்கா டெக்சாஸை இணைத்துக்கொண்டது. மறு ஆண்டே மெக்சிகோவுடன் போர் மூண்டது. போரில் பெறும் நிலத்தில் அடிமைமுறை கூடாது என்னும் வில்மாட்டின் திருத்தம் கீழவையில் நிறைவேறியும் மேலவையில் நிறைவேறவில்லை.