ஒரு துண்டுச் சீட்டும் நூறாண்டுக் கேள்வியும்

அந்தச் சோதனைக்குழாய் ஞாபகமிருக்கா? பயோகெமிஸ்ட்ரி லேபில் சிறுநீரைச் சூடு பண்ணி, கையையும் சுட்டுக்கிட்டு, "ஆல்புமின் பாசிட்டிவ்" என்று ரெக்கார்டு எழுதினோமே! அதே எளிய சோதனை 1845-இல் லண்டன் டாக்டர்களைத் திணற வைத்த கதை இது.

ஒரு மளிகை வியாபாரிக்குத் தீராத எலும்பு வலி. அவரைக் கவனித்தவர்கள் தாமஸ் வாட்சன், வில்லியம் மெக்கின்டயர் என்ற இரு டாக்டர்கள். சிறுநீரில் ஆல்புமின் இருந்தால் சூட்டில் உறையும். அவித்த முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி மறுபடி கரையாது. ஆனால் இவருடைய சிறுநீரில் வந்த படிவோ, கொதிக்க வைத்ததும் கரைந்தது. ஆறியதும் திரும்ப வந்தது! நவம்பர் 1 அன்று, "இது என்ன?" என்று கேட்டு ஒரு சீட்டும் மாதிரியும் வேதியியல் வல்லுநரான டாக்டர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸுக்குப் போயின. விடை வரும் முன்பே, 1846 ஜனவரி முதல் நாள் நோயாளி இறந்துபோனார்.

அந்த விசித்திரத்தை முதலில் கவனித்தவர் மெக்கின்டயர். ஆனால் அவர் எழுதியது 1850-இல்தான். பென்ஸ் ஜோன்ஸ் 1847-லேயே எழுதிவிட்டார். புரதத்துக்குப் பெயரும் அவருடையதே ஆயிற்று. கண்டதைச் சுணங்காமல் எழுதி வையுங்கள் என்று இளைய தம்பி தங்கைகளுக்கு இதைவிட நல்ல பாடம் ஏது?

1956-இல் கோர்ன்கோல்ட், லிப்பாரி இருவரும் இந்தப் புரதத்தில் இரண்டு வகை கண்டார்கள். இன்றைய கப்பா, லாம்டா என்ற பெயர்கள் அவர்களின் முதலெழுத்துகளே. 1962-இல் எடல்மன், கேலி ஆகியோர் அது ஆன்டிபாடியின் லைட் செயின் என்று நிரூபித்தார்கள். சீட்டுக் கேள்விக்கு விடை வர 117 ஆண்டுகள்!

இன்று குழாயின் இடத்தில் இம்யூனோஃபிக்சேஷன். சிறுநீர்ப் புரதங்களை மின்சாரத்தால் ஜெல்லில் பிரித்து, ஜி, ஏ, எம், கப்பா, லாம்டா என்று தனித்தனித் தடத்தில் அதற்குரிய ஆன்டிசீரம் விட்டு நிறமேற்றுவார்கள். கப்பா, லாம்டா இரண்டிலும் மங்கலாகப் பரவிய நிறம் இருந்தால், அது பலவகை ஆன்டிபாடிகளின் கலவை, பயமில்லை. ஒன்றில் மட்டும் கூர்மையான ஒற்றைக் கோடு தெரிந்தால் விழித்துக்கொள்ள வேண்டும். அதே மட்டத்தில் ஜி, ஏ, எம் தடங்களில் கோடு இல்லையென்றால், டி, இ வகைகளையும் பார்த்துவிட்டு, பென்ஸ் ஜோன்ஸ் புரதம் என்று சொல்லலாம். கப்பாவில் ஏணிப்படி போலச் சீரான மங்கல் கோடுகள் வந்தால் ஏமாந்துடாதீங்க. அது பெரும்பாலும் நோயல்ல.

ஒன்று மறக்காதீர்கள். நாம் தினமும் நனைக்கும் ஸ்ட்ரிப் முக்கியமாக ஆல்புமினுக்குத்தான் நிறம் மாறும். லைட் செயினைத் தவறவிடும். முதுகு வலி, சோகை, ஏறும் கிரியாட்டினின் ஆகியவற்றோடு ஒருவர் வந்து உட்கார்ந்தால், ஸ்ட்ரிப் "நில்" என்றாலும் அனுப்பிவிடாதீங்க. அந்த மளிகைக்காரருக்காகக் கேட்ட கேள்வியை இவருக்காகவும் கேளுங்கள்: இது என்ன?