பறவைகள் எங்கே போகின்றன? ஒரு வாத்தியாரின் வளையமும் நமது மன்னாரும்



போன கிழமை வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது: "சேர், மார்ச் வந்ததும் நம்மட தரவையில நிக்கிற பறவையெல்லாம் எங்க போகுது?"

சின்னக் கேள்விதான். ஆனால் மனிதன் இதற்கு விடை தேடி இரண்டாயிரம் வருடம் அலைந்திருக்கிறான். தகைவிலான் குருவிகள் குளிர்காலத்தில் பொந்துகளுக்குள் ஒளிந்து கிடப்பதாக அரிஸ்டோட்டில் எழுதி வைத்தார். 1822 இல் ஜேர்மனியில் ஒரு நாரை சுடப்பட்டது. அதன் கழுத்தில் ஆபிரிக்க ஈட்டியொன்று குத்தியபடி இருந்தது! அந்தக் காயத்தோடு கண்டம் தாண்டிப் பறந்து வந்திருக்கிறது. ரொஸ்டொக் பல்கலைக்கழகத்தில் அதை இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

பிறகு ஒரு பாடசாலை ஆசிரியர் வந்தார். டென்மார்க்கின் விபோர்க் நகரில் படிப்பித்த மோர்ட்டென்சன். 1890 இல் நாக வளையம் செய்து பறவையின் காலில் மாட்டிப் பார்த்தார், பாரம் கூடிவிட்டது. 1899 இல் அலுமினிய வளையங்களில் இலக்கமும் ஊர்ப் பெயரும் பொறித்து 165 பறவைகளுக்கு மாட்டினார். எங்கோ ஒருவர் அந்தப் பறவையைக் கண்டு கடிதம் போட்டால் அது போன பாதை தெரிந்துவிடும். உலகம் முழுக்க இன்று நடக்கும் பறவை ஆய்வுக்கு அதுதான் வழிகாட்டியது.

இப்போது வளையத்தோடு ஜீ.பீ.எஸ். கருவியும் வந்துவிட்டது. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் கருவி பொருத்திய கடற்காகம் 2021 இல் ரஷ்யாவின் வடகோடி, யமால் தீபகற்பம் வரை போனது. நமது மீன் வாடியைச் சுற்றித் திரிகிற அதே கடற்காகம்தான்!

இங்கிலாந்தில் ரொபர்ட் மார்ஷம் என்பவர் 1736 முதல், வசந்தத்தில் முதல் தகைவிலான் வந்த நாள் போன்றவற்றைக் குறிக்கத் தொடங்கினார். அவர் குடும்பம் 1958 வரை அதைத் தொடர்ந்தது. அவர்களுக்கு வசந்தம் என்றால் வரவு. நமக்கோ அது வழியனுப்பும் காலம்.

நம்மிடம் அப்படியொரு கொப்பி இல்லை. மூத்தவர்களின் ஞாபகம்தான் இருந்தது. 1990 இல் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டபோது அந்தத் தொடர்பும் அறுந்தது. நாம் இல்லாத வருடங்களிலும் பறவைகள் வந்து போயின. எண்ணி வைக்க நம்மில் யாரும் இருக்கவில்லை.

வங்காலை சரணாலயம் 2010 இல் ரம்சார் ஈரநிலமானது. தீவில் காற்றாலைகள் சுழல்கின்றன. நாளை ஏதாவதொரு திட்டம் வந்து, "இங்கே எந்தப் பறவை, எந்த மாதம், எத்தனை?" என்று கேட்டால் நாம் எதைக் காட்டுவது? வாய்ப்பேச்சு சாட்சியாகாது. திகதி போட்ட பதிவுதான் சாட்சி.

அதனால் பிள்ளைகளுக்கு ஒரு கொப்பி கொடுத்திருக்கிறேன். திகதி, இடம், பறவை, எண்ணிக்கை. பெயர் தெரியாத புது விருந்தாளி வந்தால் நிறத்தையும் சொண்டையும் வரைந்து வைக்கச் சொன்னேன். கல்லெறியக் கூடாது, கிட்டப் போய்க் கலைக்கவும் கூடாது.

நீங்களும் உதவலாம். உங்கள் வாப்பாவிடம், மூத்தம்மாவிடம் கேளுங்கள்: 1990 க்கு முன் பூநாரைகள் எந்த மாதம் வந்தன, எங்கே இறங்கின? கிடைப்பதைக் கீழே எழுதுங்கள். கொப்பியின் முதல் பக்கம் அவர்களுக்குத்தான்.