கண் காட்டும் அடையாளம்



தாம் இன்னார் என்பதை ஒருவர் எவ்வாறு நிலைநாட்டுவது? வன்னி மக்களுக்கு இஃது ஏட்டுக் கேள்வியன்று. 2009ஆம் ஆண்டில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளிலிருந்து இடம்பெயர்ந்து, வவுனியா மாவட்டத்து மெனிக் பாம் முகாமை அடைந்தோருள் பலர், வீட்டுடன் அடையாள அட்டையையும் காணி உறுதியையும் இழந்திருந்தனர். அட்டை ஒரு பொருளே. அது தவறும், கிழியும், எரியும்.

தவறாத அடையாளத்தை மனிதன் தன் உடலிலே தேடிய வரலாறு நெடியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பாரிஸ் நகரப் பொலிஸ் பிரிவின் அல்போன்ஸ் பேர்ட்டியோன், கைதிகளின் உடலளவுகளுடன் கண்ணின் நிறத்தையும் குறித்துவைத்தார். பின்னர்க் கைரேகை வழக்குக்கு வந்தது. ஆயின், மண்வெட்டி பிடித்த கையிலும் வலை இழுத்த விரலிலும் ரேகை தேய்வதுண்டு.

கண்மணியைச் சூழ்ந்த நிறவட்டமாகிய கதிராளி அவ்வாறு தேய்வதில்லை. அதன் இழைக்கோலம் பெரும்பாலும் கருவிலேயே அமைந்துவிடுகிறது. ஒருவரின் இரு கண்களிலுங்கூட அஃது ஒன்றுபோல் இராது. 1987இல் அமெரிக்கக் கண் மருத்துவர்களான லியனாட் புளொம், ஆரன் சபிர் இருவரும் இக்கருத்துக்குக் காப்புரிமை பெற்றனர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து ஜோன் டோக்மன் அக்கோலத்தை 2,048 இலக்கக் குறியீடாக மாற்றும் கணிதமுறையை வகுத்து, 1994இல் காப்புரிமை பெற்றார். 2010இல் தொடங்கிய இந்தியாவின் ஆதார் அடையாள எண் வழங்கல் இம்முறையைக் கையாண்டது. 2022 மார்ச்சில் இலங்கையும் இந்திய நன்கொடையுடன் டிஜிட்டல் அடையாளத் திட்டத்துக்கு உடன்பட்டது.

இதனாற் கண்ணுக்குக் கேடு விளையுமோ என்று முதியோர் வினவுவர். கருவி கண்ணைத் தீண்டுவதில்லை. கண்ணுள்ளே ஊடுருவிப் பார்ப்பதுமில்லை. கண்ணுக்குப் புலப்படாத மென்மையான செந்நிறக்கீழ் ஒளியிற் சில கணங்களிற் படமெடுக்கிறது, அவ்வளவே. அவ்வொளியின் அளவுக்குச் சர்வதேச வரம்புகள் உண்டு. அவ்வரம்புக்குள் இயங்கும் கருவியால் அச்சமில்லை. கண்ணிற் சத்திரசிகிச்சை செய்துகொண்டோர் மீண்டும் பதிய நேரலாம்.

மெய்யான கேடு வேறிடத்தில் உள்ளது. தொலைந்த அட்டைக்கு மாற்று அட்டை பெறலாம். களவுபோன கதிராளிக் குறியீட்டுக்காக மாற்றுக் கண் பெறலாகாது. எனவே, கண்ணைப் பதிபவர் யார், குறியீட்டை எங்கே வைக்கிறார், யாருக்குக் காட்டுகிறார் என்று வினவுவது குடிமக்களின் உரிமை. 2022இல் இயற்றப்பெற்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவ்வுரிமையை ஏற்கின்றது. பெயர்ப்பட்டியல்களின் முன் நெடுநாள் வரிசையில் நின்ற வன்னி மக்கள், அவ்வினாவை எழுப்பத் தயங்கவேண்டியதில்லை.