ரிஃபுக்குக் குறுக்கே ஒரு குரல்: பிளாக் சபாத்தின் 'ஹெவன் அண்ட் ஹெல்'

ஆஸி ஆஸ்போர்னா, ரோனி ஜேம்ஸ் டியோவா? ஹெவி மெட்டல் குழுவான பிளாக் சபாத்தின் ரசிகர்களிடையே நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஓயாத வழக்கு இது. டியோவின் குரலுக்கு வீச்சு அதிகம், ஆஸியின் குரலில் அமானுஷ்யம் அதிகம் என்று வாதம் தொண்டையைச் சுற்றியே வருகிறது. கேள்வியின் இடத்தையே மாற்ற வேண்டும் என்று கருதுகிறேன். ஆஸியின் இடத்துக்கு டியோ வந்தபோது பாட்டைக் கட்டும் முறையே மாறியது. 1980-இல் வந்த 'ஹெவன் அண்ட் ஹெல்' தொகுப்பின் தலைப்புப் பாடல் அதற்குத் தெளிவான சான்று.

முதலில் 1970-இன் 'அயர்ன் மேன்'. டோனி அயோமியின் கிட்டார் எந்தச் சுரங்களில் ஏறி இறங்குகிறதோ, அதே சுரங்களில்தான் ஆஸியும் ஏறி இறங்குகிறார். கர்நாடகக் கச்சேரியில் வயலின் பாடகரை நிழல்போல் தொடரும். இங்கே பாடகர் கிட்டாரைத் தொடர்கிறார். இதைக் குறை என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குரலும் கிட்டாரும் ஒட்டி நடப்பதால்தான் அந்தப் பாட்டுக்கு இரும்பின் கனம் வாய்த்தது. ஆஸி ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியை, பின்பற்றுவார், டியோ அதற்குக் குறுக்கே பாடுவார் என்று அயோமியே வேறுபாட்டைச் சொல்லியிருக்கிறார்.

அந்தக் 'குறுக்கே' என்பதை 'ஹெவன் அண்ட் ஹெல்' பாடலின் முதல் சரணத்தில் காது கொடுத்துக் கேட்கலாம். பெரிய ரிஃபோடு பாட்டு தொடங்குகிறது. டியோ வாய் திறக்கும்போது கிட்டார் ஒதுங்கிவிடுகிறது. கீசர் பட்லரின் பேஸ் நாடிபோல் சீராகத் துடிக்க, பில் வார்டின் டிரம்ஸ் உடன் நடக்க, அயோமி அங்கங்கே சில கீற்றுகளை மட்டும் இழுக்கிறார். அடியில் துடிப்பு மாறாமல் ஓட, மேலே குரல் தன் மெட்டைத் தானே வகுத்துக்கொண்டு போகிறது. அடியின் கடைசிச் சொல்லைத் தாளத்துக்கு மேலே நீட்டிப் பிடிக்கிறது. சிறுவயதில் டிரம்பெட் கற்ற டியோ, தம் மூச்சுப் பிடிப்புக்கு அந்தப் பயிற்சியே காரணம் என்று சொல்லிவந்தவர். அந்த மூச்சுக்கு இந்த வெற்றிடம் தேவைப்பட்டது.

'வார் பிக்ஸ்' பாடலிலும் கிட்டார் ஆஸிக்கு வழிவிடவில்லையா என்று கேட்கலாம். விடுகிறது, ஆனால் அங்கே நடப்பது முறை வைத்துப் பேசுவது. கிட்டார் இரண்டு அடி அடித்து ஓய்கிறது, குரல் பேசுகிறது, மறுபடி கிட்டார். ஒரே நேரத்தில் இரண்டு தனி வழிகள் ஓடுவது வேறு வகைக் கட்டுமானம்.

வரிகளை எழுதும் பொறுப்பும் கைமாறியது. ஆஸி காலத்து வரிகளில் பெரும்பகுதி பட்லருடையவை. அவற்றைப் பாடியது வேறொருவர். டியோ தாம் பாடுவதைத் தாமே எழுதினார். எந்த உயிரெழுத்தில் குரலை நிறுத்தலாம் என்று அறிந்தவரின் கை அந்தச் சொற்களில் தெரிகிறது. ஆஸியா டியோவா என்று ஒப்பிடும் ரசிகர்கள் இதைப் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் வருத்தம்.

பாட்டின் பிற்பகுதி வேகமெடுத்து, கடைசியில் தந்திகளின் மெல்லொலியில் அடங்குகிறது. மேடையில் மட்டும் இன்னொன்று நடந்தது. டியோ விட்டு விலகிப் பாடிய அந்த ரிஃபைச் சொற்களே இல்லாமல், 'ஓ' என்று, கூட்டம் முழுவதும் சேர்ந்து பாடியது.