வட்டமும் வாக்கியமும்

படத்தைப் பார்த்துக் கதை எழுதச் சொல்லும் பரீட்சையை நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் எழுதியிருக்கிறோம். ஒரு வட்டத்தைக் காட்டி, அதைப் பற்றி எழுது என்று கேட்கும் பரீட்சையும் உலகத்தில் உண்டு. அந்த வட்டம் நாலைந்து துண்டுகளாக வகுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நிறம். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சதவிகிதம். ஒரு நாட்டு மக்கள் சாப்பாட்டுக்குச் செலவிடுவது இத்தனை, வீட்டு வாடகைக்கு இத்தனை, துணிமணிக்கு இத்தனை என்கிற மாதிரிக் கணக்கு. அதைக் குறைந்தது 150 வார்த்தைகளில், சுமார் 20 நிமிஷத்துக்குள், ஆங்கிலத்தில் எழுதிவிட வேண்டும். ஐயெல்ட்ஸ் என்று வழங்கும் ஆங்கிலப் பரீட்சையில் இப்படி ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் யாழ்ப்பாணத்திலும் எத்தனையோ பிள்ளைகள் வெளிநாட்டுப் படிப்பையும் உத்தியோகத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டு இந்த வட்டத்தின் முன் பேனாவுடன் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்த வட்டத்தின் பூர்வோத்தரம் சுவாரசியமானது.

இதை முதன்முதலில் அச்சில் ஏற்றியவர் வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1759-இல் பிறந்தவர். தகப்பனார் பாதிரியார், பையனுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயது ஆகும்போதே காலமாகிவிட்டார். அண்ணன் ஜான், பின்னாளில் எடின்பரோவில் பெரிய கணிதப் பேராசிரியராக விளங்கியவர், தம்பியைப் பார்த்துக்கொண்டார். அந்த அண்ணன் தம்பிக்கு ஒரு வேலை கொடுத்தாராம்: தினமும் வெப்பமானியைப் பார்த்து, அதன் ஏற்ற இறக்கத்தைக் கோடாகப் போட்டு வர வேண்டும். எண்ணால் சொல்லக்கூடியதைக் கோட்டாலும் சொல்லலாம் என்று தமக்குக் கற்பித்தவர் அண்ணனே என்று பிளேஃபேர் பின்னால் நன்றியோடு எழுதினார்.

பையன் வளர்ந்து, நீராவி யந்திரத்துக்குப் பேர்போன ஜேம்ஸ் வாட்டிடம் படம் வரைகிறவராகச் சேர்ந்தார். பிறகு சொந்தத் தொழில்கள் பலவற்றில் இறங்கிக் கையைச் சுட்டுக்கொண்டார். பணம் அவரிடம் தங்கவே இல்லை. 1823-இல் வறுமையிலேதான் கண்ணை மூடினார். ஆனால் அவர் கை வரைந்த கோடுகள் தங்கிவிட்டன. 1786-இல் இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதியைக் கோடுகளாகவும் கட்டைகளாகவும் வரைந்து ஒரு புத்தகம் போட்டார். 1801-இல் இன்னொரு புத்தகம். அதில் ஐரோப்பிய ராஜ்யம் ஒவ்வொன்றும் ஒரு வட்டம். பெரிய ராஜ்யத்துக்குப் பெரிய வட்டம், சிறியதற்குச் சிறியது. இடப்பக்கத்துக் கோடு ஜனத்தொகை. வலப்பக்கத்துக் கோடு வரி வருமானம். துருக்கி சாம்ராஜ்யத்துக்கு வந்தபோதுதான் ஒரு சங்கடம் எழுந்தது. அது ஆசியாவிலும் இருந்தது, ஐரோப்பாவிலும் இருந்தது, ஆப்பிரிக்காவிலும் இருந்தது. பிளேஃபேர் அந்த வட்டத்தை மூன்று துண்டாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு வர்ணம் தீட்டினார். இன்று பரீட்சைத் தாளில் நம் பிள்ளைகளை விழிக்க வைக்கும் வட்டம் பிறந்த கதை இதுதான்.

அதே புத்தகத்தின் பின்பகுதியில் இந்துஸ்தானத்து ஆட்சிகளையும் இதே பாணியில் அளந்து காட்டியிருந்தார். ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து, திப்பு மாண்டது 1799-இல்; புத்தகம் வந்தது 1801-இல். பீரங்கிப் புகை அடங்கி இரண்டு வருஷத்துக்குள் யார் கையில் எவ்வளவு பூமி, எவ்வளவு வருமானம் என்பது லண்டனில் வர்ணப் படமாகிவிட்டது! மேலே பார்த்தால் கணக்கு. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் சரித்திரம்.

'பை' என்ற பெயர் பிளேஃபேர் வைத்தது அல்ல. அது பிற்பாடு ஒட்டிக்கொண்டது. பழத்தையோ இறைச்சியையோ மாவுக்குள் பொதிந்து சுட்டு, துண்டு போட்டுச் சாப்பிடுகிற மேனாட்டுப் பலகாரம் அது. பிரெஞ்சுக்காரர்கள் இதே படத்தைத் தங்கள் ஊர் வட்டப் பாலாடைக்கட்டியின் பெயரால் 'கமாம்பேர்' என்பார்கள். நம் ஊரில் யாராவது கண்டுபிடித்திருந்தால் 'அடைப்படம்' என்று பேர் வைத்திருப்பார்களோ என்னவோ! வகுத்துப் பேசுவதற்கு மட்டும் தமிழில் பஞ்சமே இல்லை. அரை, கால், அரைக்கால், மாகாணி என்று இரண்டில் ஒன்று முதல் பதினாறில் ஒன்று வரை நம் பாட்டிமார் வாயிலேயே கணக்கு இருந்தது. 'முக்கால்வாசி விற்றுவிட்டது, கால்வாசி கிடக்கிறது' என்று தயிர்க்காரி சொன்னால் அதுவே ஒரு வட்டப் படத்தின் வர்ணனைதான்.

பிளேஃபேருக்குப் பின், 1858-இல் ஒரு பெண்மணி வட்டத்தைக் கையில் எடுத்தார். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல். கிரைமிய யுத்தத்தில் காயம்பட்ட சிப்பாய்களுக்குப் பணிவிடை செய்த விளக்கேந்திய சீமாட்டி என்றுதான் பாடப் புத்தகங்கள் அவரை நமக்கு அறிமுகம் செய்கின்றன. கணக்கேந்திய சீமாட்டி என்றும் சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு இதழ் விரித்த பூப்போல ஒரு படம் போட்டார். பிளேஃபேரின் வட்டத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே துண்டின் கோணம் மாறும். இங்கே கோணம் எல்லாம் ஒன்றே, இதழின் நீளம்தான் மாறும். நீலம் என்றால் தடுத்திருக்கக் கூடிய தொற்றுநோய்ச் சாவு, சிவப்பு என்றால் காயத்தால் வந்த சாவு, கறுப்பு மற்றவை. 1855 ஜனவரி மாதத்தில் காயத்தால் இறந்தவர்கள் 83 பேர். நோயால் இறந்தவர்கள் 2,761 பேர். ரஷ்யன் குண்டு கொன்றதைப்போல் முப்பது மடங்குக்கு மேல் சாக்கடையும் அழுக்கும் கொன்றிருக்கின்றன! அடுத்த வருஷத்துப் படத்தில் நீலம் சுருங்கிக் கிடக்கும். இடையே 1855 மார்ச்சில் சுகாதாரக் குழு ஒன்று வந்து சாக்கடைகளைச் சுத்தம் செய்திருந்தது. அட்டவணையைப் புரட்டச் சோம்பும் மந்திரிகளின் கண்ணிலே அந்த நீலத்தைக் கொண்டுபோய்க் குத்தினார் அந்த அம்மாள்.

வட்டத்துக்கு விரோதிகளும் உண்டு. 1914-லேயே பிரின்டன் என்ற அமெரிக்கர் இதைக் குறை கூறிவிட்டார். 1926-இல் ஈல்ஸ் என்பவர் மாணவர்களிடம் சோதித்து, இல்லை, வட்டமும் நன்றாகவே புரிகிறது என்றார். 1984-இல் கிளீவ்லாந்து, மெக்கில் என்ற இருவர், மனிதக் கண் நீளத்தை ஒப்பிடுவது போலக் கோணத்தை ஒப்பிடத் திறமையற்றது என்று காட்டினார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை, வட்டமும் ஒழியவில்லை.

இது பரீட்சைக்குள் எப்படிப் புகுந்தது? 1913-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அயல்நாட்டாருக்கென்று ஓர் ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சை நடத்தியது. மொத்தம் 12 மணி நேரப் பரீட்சை; எழுதியவர்கள் மூன்றே பேர்; மூவரும் தோற்றார்கள். அதில் கட்டுரைக்குக் கொடுத்த தலைப்புகளில் மாத்யூ ஆர்னால்டு என்ற கவிஞர் ஒன்று. 1857-இன் சிப்பாய்க் கலகம் இன்னொன்று. ஆங்கிலம் தெரியும் என்றால் ஆங்கில இலக்கியமும் ஆங்கிலேயர் சரித்திரமும் தெரியும் என்றே அன்று அர்த்தம். 1980-இல் கேம்பிரிட்ஜும் பிரிட்டிஷ் கவுன்சிலும் வேறு மாதிரிப் பரீட்சை தொடங்கின. 1989-இல் ஆஸ்திரேலியர்களும் சேர, ஐயெல்ட்ஸ் பிறந்தது. 1995-இல் துறைவாரியாக இருந்த வினாத்தாள்களையும் எடுத்துவிட்டார்கள். என்ஜினியருக்கும் டாக்டருக்கும் வணிகம் படிக்கிறவனுக்கும் பொதுவான ஒரு கேள்வி வேண்டும் என்றால் ஆர்னால்டு உதவுவாரா? எவருக்கும் சொந்தமில்லாத வட்டம் உதவும்.

அந்தக் கேள்வியில் ஒரு கண்டிப்பு உண்டு. படத்தில் உள்ளதை மட்டும் சொல்ல வேண்டும். முக்கியமானதைப் பொறுக்கி எடுக்க வேண்டும்; ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். காரணம் கற்பிக்கக் கூடாது; சொந்த அபிப்பிராயம் கூடவே கூடாது.

எங்கள் தெருவில் ஒரு நர்ஸ் பெண் இந்தப் பரீட்சைக்குப் படித்தாள். பிரிட்டனில் நர்ஸாகப் பதிய இந்த வழியில் வருகிறவர்கள் எழுத்திலும் 7 வாங்கியாக வேண்டும் என்றிருந்த காலம். 2018-இல்தான் எழுத்துக்கு மட்டும் ஆறரை போதும் என்று தளர்த்தினார்கள். ஒரு நாள் அவள் நோட்டுடன் வந்தாள். 'வாடகை ஏறிப்போனதால் ஜனங்கள் சாப்பாட்டுச் செலவைக் குறைத்துவிட்டார்கள்' என்று ஒரு வாக்கியம் எழுதியிருந்தாள். சொல்லிக் கொடுப்பவர் அதைச் சிவப்பு மையால் அடித்திருந்தார்.

"காரணத்தைச் சொன்னால் தப்பா, மாமா? உண்மைதானே அது?" என்றாள்.

"வார்டில் நோயாளிக்குச் சுரம் பார்க்கிறாய். சார்ட்டில் என்ன எழுதுவாய்?"

"நூற்றிரண்டு என்று எழுதுவேன்."

"மழையில் நனைந்ததால் நூற்றிரண்டு என்று எழுத மாட்டாயா?"

அவள் சிரித்துவிட்டாள். "அப்படி எழுதினால் தலைமை நர்ஸ் என்னைத் துரத்திவிடுவார், மாமா. முதலில் உள்ளதை எழுத வேண்டும். காரணம் பிறகுதான்."

அவள் சொன்னதைக் கதை எழுதுகிறவர்களும் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். பாத்திரம் என்ன செய்தது என்று காட்டுவதற்கு முன்பே ஏன் செய்தது என்று விளக்கப் புகும் கதைகள் நம்மிடையே எத்தனை! பக்கத்தில் நிற்பவனைப் பார்க்காமலே அவனைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிற மனிதர்கள் எத்தனை!

ஆனால் உள்ளதைச் சொல்வதோடு வேலை தீர்ந்துவிடுமா? தீராது. இந்துஸ்தானத்தை வட்டமாக வரைந்தவர் யாருக்கு எவ்வளவு என்று காட்டினார். அது எப்படி வந்தது என்பதை வட்டம் சொல்லவில்லை. நைட்டிங்கேல் அம்மையார் பிணங்களை எண்ணினார். எண்ணிக்கையில் ஒன்றைக்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அதன் பிறகுதான், 'இவர்களைக் கொன்றது எதிரி அல்ல, நம் அலட்சியம்' என்று வாதாடினார். முன்னது இருந்ததால்தான் பின்னதற்குப் பலம் வந்தது.

பரீட்சை முதல் படியோடு நின்றுவிடுகிறது. அது பரீட்சையின் எல்லை. இரண்டாம் படியை ஏற வேண்டிய இடம் வெளியே இருக்கிறது: ஆஸ்பத்திரியில், அலுவலகத்தில், சட்டசபையில். வட்டத்தை ஒழுங்காகப் பார்க்கப் பழகிய கண், அங்கே போய், 'இந்தத் துண்டு ஏன் இவ்வளவு சிறிதாக இருக்கிறது?' என்று கேட்குமானால், அந்த 20 நிமிஷம் வீண் போகவில்லை.